கதவைத் திறந்த பெண்

திண்டுக்கல் பேகம்பூரில் ஒரு மாடியறை. அங்கே பரீதா என்றொரு பெண் விளம்பரப் படம் செய்யச் சொல்லிக்கொடுத்தாள். கேமரா கிடையாது. விளக்கு கிடையாது. நடிக்க ஆள் கிடையாது. வேண்டியதை எழுத்தில் எழுதினால் கணினி அதைப் படமாக்கித் தரும். எதை எழுதுவது என்பதுதான் பாடம்.

அவளுக்கு முப்பத்தைந்து வயது. அவளிடம் வந்து சேர்ந்த சீடருக்கு ஐம்பத்தொன்று.

அவர் பெயர் இருதயராஜ். இருபத்தேழு வருஷம் கல்யாண வீடுகளில் வீடியோ எடுத்தவர். தாலி கட்டுகிற நொடியில் எல்லாருடைய கண்ணும் மணமக்கள் மேல் இருக்கும்போது, பெண்ணைப் பெற்றவரின் முகத்தைப் போய்ப் பிடிக்கிற ஆள் என்று பெயர் வாங்கியவர். இப்போது விளம்பரம் செய்யலாம் என்று வந்திருந்தார்.

அவர் அவளை டீச்சர் என்றார். அவள் அவரை அண்ணே என்றாள். இரண்டு பேருக்கும் அதில் கூச்சம் இருக்கவில்லை.

முதல் நாளே கேட்டுவிட்டார்.

"டீச்சர், போனை எடுத்தா எல்லாரும் விரலால தள்ளிக்கிட்டே போறாங்க. மூணு விநாடிக்குள்ள அந்த விரலை நிறுத்தணும்ங்கிறாங்க. எப்படி நிறுத்தறது?"

பரீதா செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். இருதயராஜும் பின்னாலேயே போனார்.

பஸ் ஸ்டாண்டில் மதுரை வண்டிகள் நிற்கிற இடத்தில் நல்ல கூட்டம். ஆளாளுக்குக் கையில் போன். தலை நிமிர்ந்தவர் யாருமில்லை. இருதயராஜ் வேடிக்கை பார்த்தபடி முன்னால் நடந்தார்.

"அப்பா!"

பின்னாலிருந்து ஒரு பெண்குரல். இருதயராஜ் சட்டென்று திரும்பினார். கூடவே ஏழெட்டு ஆண்களும் திரும்பினார்கள். பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்த ஒருவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

கூப்பிட்டது பரீதா.

"ஏண்ணே திரும்புனீங்க?"

"யாரோ அப்பான்னு கூப்பிட்ட மாதிரி..."

"உங்க பொண்ணு எங்க இருக்கு?"

"ஓசூர்ல. வேலையில."

"இந்நேரத்துக்கு இங்க வருமா?"

"வராது."

"பின்னே?"

திரும்பிப் பார்த்த மற்றவர்கள் மறுபடி போனுக்குள் போய்விட்டார்கள். ஜன்னலில் தலை நீட்டியவர் மட்டும் போகவில்லை. கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருந்தார். பஸ் நகர்ந்தது. வளைவில் திரும்புகிற வரைக்கும் அந்தத் தலை வெளியேதான் இருந்தது.

"நிறுத்தறது இவ்வளவுதான்" என்றாள் பரீதா. "அந்த ஜன்னல்காரரை என்ன செய்யறதுங்கிறதுதான் எனக்கு இன்னும் தெரியல."

இருதயராஜ் அதில் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார்.

ஆறு மாதம் படித்தார். ஊறுகாய்க்குச் செய்தார், குடைக்குச் செய்தார், ஒரு பல் ஆஸ்பத்திரிக்குக்கூடச் செய்தார். ஏதோ ஓடியது. யாரும் இரண்டாம் தடவை பார்க்கிற மாதிரி ஒன்றும் அமையவில்லை. அப்போதுதான் தேன்மலைக் கதவுக் கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. வீட்டு முன்கதவுக்கு ஒரு விளம்பரம் வேண்டும். கம்பெனி முதலாளி கோவர்த்தனன் ஒரே ஒரு வரிதான் சொல்லியனுப்பியிருந்தார். பார்க்கிறவன் போனைக் கீழே வைக்கக்கூடாது.

இருதயராஜ் எழுதினார். 'புதுக் கதவு. ஓர் அழகான பெண் அதைத் திறக்கிறாள்.'

கணினி ஒரு பெண்ணைக் கொடுத்தது. கதவைவிட அவள்தான் பளபளவென்று இருந்தாள். பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

பரீதா பார்த்தாள். "இவ யாருக்குத் திறக்கிறா?"

"பாக்கிறவங்களுக்கு."

"அவங்களை இவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாத ஆளுக்கு யாருண்ணே இப்படிச் சிரிச்சுக்கிட்டுக் கதவைத் திறப்பாங்க?"

இருதயராஜ் அதை அழித்தார். மறுநாள் காலையில் தன்னுடைய வீடியோ கடையில் தனியாக உட்கார்ந்து வேறு மாதிரி எழுதினார். 'ஒருத்தி ரொம்ப நாளாகக் காத்திருக்கிறாள். தட்டுவது யார் என்று அவளுக்குத் தெரியும். கதவு திறக்கிறது.'

வழக்கமாக இரண்டு நிமிஷத்தில் வந்துவிடும். அன்றைக்குக் கணினி வெகுநேரம் எடுத்துக்கொண்டது. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். அப்போதும் வரவில்லை. இன்னொரு தரம் எழுதிப் பார்க்கலாமா என்று கையை நீட்டியபோது வந்தது.

அவளுக்கு நாற்பது வயதிருக்கும். சாயம் போன நீலச் சேலை. இடது புருவத்தில் சின்னதாக ஒரு வெட்டுத் தழும்பு. கதவு தட்டுகிற சத்தம் முடிவதற்குள்ளேயே திறந்துவிட்டாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி நேராக இருதயராஜைப் பார்த்தாள்.

"வந்தாச்சா?" என்றாள்.

"வந்துட்டேன்" என்றார் இருதயராஜ்.

சொன்ன பிறகுதான் தான் பேசியது அவருக்கே உறைத்தது. கடையைச் சுற்றிப் பார்த்தார். யாருமில்லை. காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. கையில் மயிர் குத்திட்டு நின்றது.

அன்று மத்தியானமே பரீதாவிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவள் ஒரு தடவை பார்த்தாள். இரண்டாவது தடவை ஓட ஆரம்பித்ததும் கையால் திரையை மறைத்தாள்.

"ஈரக்கை நீங்க எழுதினதா?"

"இல்ல."

"புருவத் தழும்பு?"

"இல்ல."

"அந்த வார்த்தை?"

"இல்ல டீச்சர். பேச்சே நான் கேக்கல. அதுவா போட்டிருக்கு. எங்கெங்கயோ கெடக்கிற லட்சம் படத்துல இருந்து கலந்து எடுத்துக் குடுக்குது. அதுல ஏதோ ஒண்ணா இருக்கும்."

"ஏதோ ஒண்ணுன்னா, யாரோ ஒருத்தரோடது."

"அப்படியும் இருக்கலாம்."

"யாருதுன்னு தெரியற வரைக்கும் வெளிய விடாதீங்க."

"அது எப்படி டீச்சர் தெரியும்?"

"தெரியலன்னா விடாதீங்க."

இருதயராஜ் தலையாட்டிவிட்டுத்தான் கிளம்பினார். ஆனால் கோவர்த்தனன் கடைக்கே வந்து உட்கார்ந்திருந்தார். படத்தைப் பார்த்தார். பிறகு கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "எங்க ஆத்தா மாதிரியே இருக்கு" என்றார். "இப்பவே அனுப்புங்க."

செய்த வேலையைப் பார்த்து ஒரு மனிதன் கண் கலங்குவதை இருதயராஜ் பார்த்து எத்தனையோ வருஷமாகியிருந்தது. அனுப்பிவிட்டார். பரீதாவிடம் சொல்லவில்லை.

படம் ஓடிற்று. சாதாரணமாக ஓடவில்லை. முதல் இரண்டு நாள் படத்தின் கீழே நீளநீளமாக எழுதினார்கள். எங்கள் பெரியம்மா இதே மாதிரிதான் கையைத் துடைப்பார். என் அக்காவைப் பார்த்த மாதிரி இருக்கிறது, அவள் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. திருப்பூரிலிருந்து ஒருவர், துபாயிலிருந்து ஒருவர், யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர். எல்லோருக்கும் அவள் தெரிந்தவளாக இருந்தாள். ஒருவருக்குத் தெரிந்தவள் இன்னொருவருக்குத் தெரிந்தவளாக இல்லை.

மூன்றாம் நாளிலிருந்து எழுத்து சுருங்கியது. ஒரே வார்த்தைதான் வந்தது.

வந்துட்டேன்.

அதற்குக் கீழே, வந்துட்டேன். அதற்குக் கீழே, வந்துட்டேன்மா. விரலால் தள்ளத் தள்ள அதே வார்த்தை இறங்கிக்கொண்டேயிருந்தது. ஒருவரை ஒருவர் அறியாத ஆட்கள், யாரும் சொல்லிக்கொடுக்காமல், வரிசையாக நின்று ஒரே வாசலில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாற்பது லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். இருதயராஜுக்கு முதலில் பெருமையாக இருந்தது. பிறகு அந்தப் பக்கத்தைத் திறப்பதை நிறுத்திவிட்டார்.

படம் வெளியாகி இருபத்துநாலாம் நாள் காலையில் ஒருவர் கடைக்கு வந்தார். அறுபதைத் தாண்டிய மனிதர். காக்கிச் சட்டை. தோளில் துண்டு. கண் உள்ளே போயிருந்தது.

"அந்தக் கதவுப் படம் எடுத்தது நீதானா தம்பி?"

"ஆமாங்க. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. "கம்பெனியில உன் பேரைத்தான் சொன்னாங்க. அது எந்த ஊர்ல இருக்கிற வீடு?"

"வீடே இல்லைங்க ஐயா. கம்ப்யூட்டர்ல செஞ்சது."

"அந்தப் பொம்பளை?"

"அதுவும் அப்படித்தான். அப்படி ஒரு ஆளே கிடையாது."

பெரியவர் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார். இருதயராஜ் வாங்கிப் பார்த்தார். உருண்டை முகம். அகல மூக்கு. அவருக்கு மூச்சு வந்தது.

"இவங்க வேற முகமா இருக்காங்களே ஐயா."

"மூஞ்சி வேறதான். அது எனக்குத் தெரியாதா? புருவத்தைப் பாரு."

இருதயராஜ் போட்டோவை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். இடது புருவம். சின்னதாக ஒரு வெட்டு.

"மூஞ்சியைத்தான் மாத்திக்கிட்டா" என்றார் பெரியவர்.

அவர் பெயர் பொம்முசாமி. வேடசந்தூர் போகிற வழியில் நல்லூத்துப்பட்டி. முப்பது வருஷம் வடக்கே லாரி ஓட்டியவர். போட்டோவில் இருந்தவள் அவர் மனைவி வீருசின்னம்மா. பிள்ளைகள் இல்லை. நின்றபடியே சொன்னார்.

"எத்தனை நாள் கழிச்சு வந்தாலும் சரி, எந்நேரத்துல வந்தாலும் சரி. நான் தட்டி முடிக்கறதுக்குள்ள திறந்துருவா. ஏதாவது வேலையா இருப்பா. ஈரக்கையோடதான் வருவா. வந்தாச்சான்னு ஒரு வார்த்தை. அதுக்கு மேல ஒண்ணும் கேக்க மாட்டா."

"ஓ."

"நாலு வருஷத்துக்கு முன்னால குவாஹாத்திக்கு லோடு. அங்க இருக்கும்போது போன் வந்துச்சு. நான் வந்து சேர அஞ்சு நாளாச்சு. எல்லாத்தையும் முடிச்சிட்டாங்க. வீடு நெறைய சனம். கதவு திறந்தே கெடந்துச்சு. நான் தட்டவே இல்ல தம்பி."

இருதயராஜ் ஒரு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அந்தக் கதவையே வாங்கிட்டேன். படத்துல இருக்கிற அதே நிறம். ஆசாரியை வெச்சு மாட்டிட்டேன். உள்ள தாழ் போட்டுட்டு, பின்வாசல் வழியா வந்து வெளிய பூட்டிட்டேன். ஒன்பது நாளா வாசல்லதான் இருக்கேன். தட்டறேன். திறக்க மாட்டேங்கறா."

அவர் துண்டைச் சரிசெய்தார். அப்போதுதான் இருதயராஜ் அந்தக் கையைப் பார்த்தார். விரல் முட்டிகள் தோல் உரிந்து வீங்கியிருந்தன.

"உன் படத்துல மட்டும் உடனே திறக்கறா. நீ எப்படித் திறக்க வெச்ச? அதை மட்டும் சொல்லு, போயிடறேன்."

"ஐயா, மொதல்ல ஒரு டீ குடிங்க. வாங்கிட்டு வரேன்."

இருதயராஜ் எதிர்க்கடைக்குப் போய்விட்டு வந்தபோது பொம்முசாமி கிளம்பிக்கொண்டிருந்தார். டீயை வாங்கவில்லை.

"நான் இல்லாத நேரத்துல திறந்துட்டா என்ன பண்றது?" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்.

இருதயராஜ் கடையைச் சாத்திவிட்டு பேகம்பூருக்குப் போனார். படியேறி, வாசலில் செருப்பை விட்டு, பரீதாவின் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அனுப்பாதே என்றதை அனுப்பியது, நாற்பது லட்சம் பேர், வந்துட்டேன், புருவம், உரிந்துபோன கை. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை.

"இப்ப என்ன செய்யலாம்னு நெனைக்கறீங்க?"

வருகிற வழியிலேயே அவர் யோசித்து வைத்திருந்தார்.

"அவருக்குன்னு தனியா ஒண்ணு செஞ்சு குடுக்கலாம் டீச்சர். போட்டோ இருக்கு. அந்தம்மா மூஞ்சியே வந்துரும். கதவைத் திறந்து, வாங்கன்னு கூப்பிடற மாதிரி."

"அப்புறம்?"

"உள்ள கூட்டிட்டுப் போயி தண்ணி குடுக்கற மாதிரி."

"அப்புறம்?"

"சாப்பாடு போடற மாதிரி."

"அப்புறம்?"

இருதயராஜ் நிறுத்திக்கொண்டார். அந்தப் படத்துக்கு முடிவே கிடையாது என்பது அவருக்குத் தெரிந்தது. அந்த மனிதர் அதைப் பார்த்துக்கொண்டே வாசலில் செத்துப்போவார்.

பரீதா எழுந்தாள். அறையை விட்டு வெளியே போய்க் கதவை இழுத்துச் சாத்தினாள்.

இருதயராஜ் தனியாக உட்கார்ந்திருந்தார். கோபம் வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தார். போய்விடலாமா, இருக்கலாமா என்று புரியவில்லை.

கதவு தட்டப்பட்டது.

அவர் பார்த்தார். அவளுடைய அறை, அவளே வரட்டும் என்று இருந்தார். மறுபடி தட்டினாள். அவர் நகரவில்லை. மூன்றாவது தடவை தட்டியபோது சத்தம் சின்னதாக இருந்தது. எழுந்து போய்த் திறந்தார்.

பரீதா படிக்கட்டு வெயிலில் நின்றுகொண்டிருந்தாள்.

"எவ்வளவு நேரமா நிக்கறேன்?"

"ஒரு நிமிஷம் இருக்கும்."

"அவரு?"

இருதயராஜ் வாசலிலேயே செருப்பை மாட்டிக்கொண்டார்.

நல்லூத்துப்பட்டியில் இருதயராஜ் தனியாகப் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மணி பன்னிரண்டு. பொம்முசாமி வீடு எது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. தெரு முழுக்க ஒரே கதவு மட்டும் புதிதாகத் தெரிந்தது. இருதயராஜ் முதலில் அதைத்தான் பார்த்தார். தான் எழுதி வரவழைத்த அதே கதவு, ஒரு பழைய ஓட்டு வீட்டின் சுவரில், வெயிலில் நின்றது. அதன் எதிரே பொம்முசாமி. கொஞ்சம் தள்ளி அக்கம்பக்கத்தார் வைத்துவிட்டுப் போன தூக்குவாளிகள், திறக்காமல்.

"ஐயா, பின்வாசல் சாவியைக் குடுங்க" என்றார் இருதயராஜ். "நான் உள்ள போறேன். நீங்க தட்டுங்க."

"நீ உள்ள போயி என்ன பண்ணுவ?"

"தெரியலைங்க."

பொம்முசாமி அவரை ஏறஇறங்கப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார்.

பின்வாசல் அடுப்படிக்குள் போயிற்று. ஒன்பது நாளாகப் பூட்டிக் கிடந்த வீடு. முகத்தில் வெக்கை அடிக்கும் என்று நினைத்தார். அடிக்கவில்லை. உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. அப்போதுதான் அரிசி களைந்த மாதிரி ஒரு வாசனை. அடுப்படியில் அரிசியும் இல்லை, தண்ணீரும் இல்லை. அவர் அதை நினைக்காமல் முன்கட்டுக்கு நடந்தார்.

கதவு மாட்டிய அன்று ஆசாரி இழைத்த மரத்தூள் யாரும் கூட்டாமல் தரையெங்கும் கிடந்தது. வெள்ளையாக, மாவு மாதிரி, சுவரோரம் வரைக்கும். கதவுக்கு உள்பக்கம், தாழ்ப்பாளுக்குக் கை எட்டுகிற இடத்தில் மட்டும் தூள் இல்லை. ஓர் ஆள் நிற்கிற அளவு தரை துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது.

இருதயராஜ் ஓர் அடி பின்வாங்கினார். வந்த வழியே போய்விடலாம் என்று கால் சொன்னது. ஆனால் தாழைத் திறக்க வேண்டுமென்றால் நிற்பதற்கு வேறு இடம் இல்லை. போய் அந்த இடத்தில் நின்றார். பாதத்தின் கீழே தரை சில்லென்று இருந்தது.

வெளியே சத்தமில்லை. நின்றுகொண்டேயிருந்தார். கதவின் அந்தப் பக்கத்திலிருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். இந்தப் பக்கத்திலிருந்து அதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. இங்கே நின்றால் எதுவும் தெரியாது. மரம்தான் தெரியும். யாராவது தட்ட வேண்டும்.

அப்போது பொம்முசாமி தட்டினார்.

மெதுவாக, இரண்டு முறை. முட்டியில் தோல் இல்லாதவர் தட்டுகிற தட்டு. இருதயராஜின் கை தாழுக்குப் போகுமுன் தானாகச் சட்டையில் ஒரு தடவை துடைத்துக்கொண்டது. உள்ளங்கை வேர்த்திருந்தது. தாழை இழுத்தார். கதவு திறந்தது. வெயிலில் கண் கூசியது.

பொம்முசாமி இருதயராஜைப் பார்க்கவில்லை.

அவருடைய தோளுக்கு மேலே, பின்னால், வீட்டுக்குள்ளே பார்த்தார். ஒருவர் உயரத்துக்கு நிமிர்ந்த பார்வை. ஒன்பது நாள் தாடியும் வறண்ட உதடுமாக இருந்த அந்த முகம் மெல்ல இளகியது. இருதயராஜ் கல்யாண வீடுகளில் எத்தனையோ முகங்களைப் பிடித்திருக்கிறார். அப்படி ஒரு முகத்தைப் பிடித்ததில்லை.

இருதயராஜ் வாயைத் திறந்தார். சொல்ல வேண்டிய வார்த்தை அவருக்குத் தெரியும். அது வரவில்லை. அது அவருடையது இல்லை.

"வந்துட்டேன்" என்றார் பொம்முசாமி.

செருப்பை வாசலில் விட்டுவிட்டு, இருதயராஜுக்குப் பக்கத்தில் இருந்த இடைவெளி வழியாக, கொஞ்சம் ஒதுங்கி, யாரையோ இடிக்காமல் போகிறவர் மாதிரி உள்ளே போனார். இருதயராஜின் பிடரியில் காற்று பட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கதவைப் பிடித்தபடி தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் எல்லாம் சாதாரணமாக நடந்தது. பொம்முசாமி கிணற்றில் இறைத்துக் குளித்தார். இருதயராஜ் மரத்தூளைக் கூட்டி அள்ளினார். பக்கத்து வீட்டில் அரிசியும் புளியும் வாங்கி, சோறு வடித்து, ரசம் வைத்தார். சாப்பிட்டார்கள். பொம்முசாமி இரண்டு முறை சோறு வாங்கினார். பிறகு முன்கட்டிலேயே துண்டை விரித்துப் படுத்து, சாயங்காலம் வரைக்கும் அசையாமல் தூங்கினார். இருதயராஜ் அவர் விழிக்கும் வரை கூடவே இருந்துவிட்டு, கைக்கு மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடைசி வெளிச்சத்தில் பஸ் ஏறினார்.

மறுநாள் கோவர்த்தனனைப் போய்ப் பார்த்தார். படத்தை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டார். கோவர்த்தனன் சம்மதிக்கவில்லை. மூன்றாம் தடவை போனபோது கோவர்த்தனனே களைத்துப்போயிருந்தார். அவரும் வீட்டுக்குள் போகுமுன் கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிடுகிறாராம். "எடுத்துடறேன்" என்றார். எடுத்தும்விட்டார். ஆனால் அதற்குள் ஊரெல்லாம் ஆளுக்கொன்று பிரதி வைத்திருந்தார்கள். அது எங்கெங்கேயோ ஓடிக்கொண்டுதான் இருந்தது. கீழே அதே வார்த்தை இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

இருதயராஜ் வாரம் ஒரு நாள் நல்லூத்துப்பட்டிக்குப் போனார். பொம்முசாமி வாசலில் உட்காருவதை விட்டுவிட்டார். வேடசந்தூர் மில்லுக்குப் பஞ்சு ஏற்றுகிற வண்டி ஓட்டப் போனார். காலையில் போய்விட்டு மாலையில் வந்துவிடுகிற வேலை. கதவுக்குச் சாவி போட்டுத் தானே திறந்துகொண்டார். திறப்பதற்கு முன்னால் ஒரு தடவை தட்டினார். அதை இருதயராஜ் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

இரண்டு மாதம் பேகம்பூர்ப் பக்கமே போகவில்லை. ஒரு நாள் முற்பகலில் போனார். பரீதா தனியாக இருந்தாள். ஏதோ சோப்புக்கு எழுதிக்கொண்டிருந்தவள் கையை எடுத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கண்ணே."

"அன்னிக்கு நான் கதவைத் திறந்தப்ப அவரு என்னைப் பாக்கல. எனக்குப் பின்னால பாத்தாரு. நான் திரும்பல. பயம். அப்புறம் சோறாக்கிச் சாப்பிட்டோம், அவரு தூங்கினாரு. அன்னியிலேருந்து கேமராவைப் பிடிச்சாலும் சரி, கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தாலும் சரி, அதேதான் ஞாபகம். எனக்குப் பின்னால யாராச்சும் நின்னாங்களா?"

பரீதா கணினித் திரையை அணைத்தாள்.

"அன்னிக்குச் சமைச்சது யாரு?"

"நான்தான்."

"பரிமாறுனது?"

"அதுவும் நான்தான்."

"எத்தனை தட்டு வெச்சீங்க?"

இருதயராஜ் பதில் சொல்ல வாயெடுத்தார். நிறுத்தினார். அந்த மத்தியானம், அடுப்படிச் சுவரில் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் தட்டுகள், அவற்றைக் கழுவி எடுத்துவந்த தன் கைகள், தரையில் ஒவ்வொன்றாக வைத்த சத்தம், எல்லாம் வரிசையாக வந்தன.

"மூணு."

"யாராவது வெக்கச் சொன்னாங்களா?"

"இல்ல."

"பின்னே எங்கிட்ட ஏண்ணே கேக்கறீங்க?" என்றாள் பரீதா.